பால் சேராமையும் குடும்பப் பத்தியமும்: ஸ்ரீவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பாலும் வேறு சில உணவுகளும் சிலருடைய உடலுக்குச் சேராமற் போவதைத் தமிழ்க் குடும்பங்கள் எச்சொற்களால் அறிந்துவந்தன, எவ்விதப் பத்தியத்தால் எதிர்கொண்டன, அப்பத்தியத்தின் சுமையை யார்மீது ஏற்றின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பால்கோவாவால் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரும் பருத்தித் தொழிலால் வளர்ந்த இராஜபாளையமும் இந்நோக்கிற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. சித்த மருத்துவத்தின் மாந்தம், கரப்பான் ஆகிய கருத்தாக்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வாமையியலோடு ஒப்புநோக்கப்படுகின்றன. தாயின் உணவைக் குறைத்துக் குழந்தையைக் காக்கும் மரபில் மெய்யான கூர்நோக்கும் தீங்கான மிகையும் ஒருசேரக் கலந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒவ்வாமை, பத்தியம், பால் மாந்தம், கரப்பான், பால்கோவா, பருத்திப்பால், கரிசல் உணவு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அமைந்துள்ளன. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த தலம். அதன் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பின்னது தெலுங்கு பேசும் இராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் அவ்வூரை ஆலை நகரமாக்கியது. மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெசவும் அங்கே பெருகியது. ஓர் ஊரின் அடையாளம் பால், மற்றதன் அடையாளம் பருத்தி.

இவ்வட்டாரத்தில் பால் வெறும் உணவுப்பொருளாக நின்றுவிடுவதில்லை. விருந்தினர் கையில் கொண்டுவருவதும், வெளியூர் செல்வோர் வாங்கிச்செல்வதும், வழிபாட்டில் படைக்கப்படுவதும் பாலினின்று பெறப்பட்டனவே. இத்தகைய ஊரில் பால் சேராத ஒரு குழந்தை பிறக்குமானால் அக்குடும்பம் என்ன செய்யும் என்ற வினா மருத்துவ வினாவாக மட்டும் இருக்க இயலாது. உணவு வரலாற்றிலும் மருத்துவ வரலாற்றிலும் இவ்வினாவுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. தமிழர் உணவு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உண்டவற்றைப் பேசுகின்றன. உண்ண இயலாமற் போனவற்றைப் பேசுவன மிகச் சில.

சேராது, ஆகாது, ஒவ்வாது

ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906இல் 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1902இல், பிரெஞ்சு ஆய்வாளர்களான ரிஷேயும் போர்த்தியேவும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை விளக்கி அதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டிருந்தனர். ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம் 1960களின் இடைப்பகுதியில்தான் கண்டறியப்பட்டது. ஆகவே ஒவ்வாமை என்பது அறிவியல் வகைமையாக ஒரு நூற்றாண்டைச் சிறிதே கடந்த ஒன்று.

தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் 'ஒவ்வாமை'. ஒத்தல், இயைதல் எனப் பொருள்படும் 'ஒவ்வு' என்னும் வினையடியின் எதிர்மறைப் பெயர் அது. பேச்சு வழக்கில் இச்சொல் அரிது. பால் சேராது, பால் ஆகாது, பால் ஒத்துக்கொள்ளாது என்பனவே வீடுகளில் வழங்குவன. இராஜபாளையத்து இராஜுக்களின் வீட்டுமொழியான தெலுங்கிலும் 'படு' என்னும் வினையின் எதிர்மறை வடிவம் இதே பொருளில் வழங்குகிறது. இவ்வழக்குகள் அனைத்தும் ஓர் இயல்பில் ஒன்றுபடுகின்றன. உணவு நஞ்சென்றோ உடல் குறையுடையதென்றோ அவை கூறுவதில்லை. இரண்டிற்கும் இடையேயான உறவு கூடிவரவில்லை என்பதையே அவை சுட்டுகின்றன. உணவில் குற்றமில்லை, உண்பவரின் வினைமுறை வேறு என்ற பிர்க்கேயின் அடிப்படைக் கருத்துக்கு இவ்வழக்கு வியப்பளிக்கும் அளவு நெருக்கமானது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பத்துப் பாக்களில் பெரும்பான்மையை உணவுக்கே ஒதுக்கி, உடலோடு முரண்படாத உணவை அளவறிந்து உண்ணுமாறு வற்புறுத்துவதும் இக்கருத்தியலின் தொன்மைக்குச் சான்றாகும்.

ஆயினும் இவ்வழக்கிற்கு ஒரு குறை உண்டு. பாலிலுள்ள இலாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க இயலாமையும், பாற்புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கொள்வதும் முற்றிலும் வேறானவை. முன்னது வயிற்றுப்பொருமலும் கழிச்சலும் தரும்; உயிருக்கு ஊறு செய்யாது. பின்னது சிலரிடத்தில் சில நிமிடங்களில் மூச்சுத்திணறலையும் இறப்பையும் விளைவிக்கக்கூடும். 'சேராது' என்னும் ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. சிறிது கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்ற வீட்டு முடிவு முதல் நிலையில் பெரும்பாலும் சரியாக அமையும். இரண்டாம் நிலையில் அதுவே பெரும் பிழையாகிவிடும்.

பாலின் பழைய வழிகள்

பண்டைத் தமிழகத்தில் பால் மிகுதியும் பாலாகவே உண்ணப்பட்டது எனக் கொள்வதற்கில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை ஆய்மகள் மோரைக் கொடுத்து நெல் முதலியவற்றைப் பெறுவதையும், நெய்யைப் பொன்னுக்கு விற்காமல் கறவை மாடுகளுக்கு மாற்றுவதையும் காட்டுகிறது. ஆய்க்குடியிலிருந்து வெளியே சென்றவை மோரும் நெய்யும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' என வழங்கப்பட்டமை பரவலாகக் காணப்படும் செய்தி. அவ்வாடுகளின் பாலில் கணிசமான பங்கு நெய்யாகி விளக்கில் எரிந்தது. புளிக்கவைத்த தயிரிலும் மோரிலும் இலாக்டோஸ் குறைகிறது. உருக்கிய நெய்யில் அது ஏறத்தாழ இல்லை.

இப்பின்னணியில் மரபியல் சான்றுகளைக் காணவேண்டும். 1981இல் வெளியான ஓர் ஆய்வு, டெல்லியில் 27.4 விழுக்காட்டினரிடமும், தென்னக மையங்களான திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகியவற்றில் 66.6 விழுக்காட்டினரிடமும் இலாக்டோஸ் செரியாமையைக் கண்டது. வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கச் செய்யும் மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் 2002இல் இனங்காணப்பட்டது. அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டென்றும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி அது குறைந்துசெல்கிறதென்றும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ் நாட்டுச் சமையல் மோரையும் தயிரையும் உணவின் முடிவில் வைத்ததற்கு இதுவே காரணம் என்று துணிந்துரைத்தல் மிகையாகும். எனினும் தமிழர் பாலை உருமாற்றி உண்ட முறைகள் அவர்தம் உடலியல்போடு முரண்படவில்லை என்பது தெளிவு.

ஸ்ரீவில்லிபுத்தூரின் இலக்கிய மரபிலேயே பால் விலக்கும் பால் விருந்தும் எதிரெதிரே நிற்கின்றன. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நோற்கும் மகளிர் நெய்யையும் பாலையும் விலக்குவதாக அறிவிக்கின்றனர். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்டு அவ்விலக்கை முடிக்கின்றனர். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று அக்காரவடிசில் படைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பால் விலக்குதல் என்பது கூட்டாக மேற்கொள்ளப்படுவது, காலவரையறை உடையது, கூட்டு விருந்தில் முடிவது என்னும் பண்பாட்டுப் புரிதல் இங்கே உண்டு. பால் ஒவ்வாமையுடைய குழந்தையின் விலக்கு இம்மூன்று இயல்புகளிலும் மாறுபட்டது. அது தனித்தது, முடிவு அறியாதது, விருந்தன்று கடுமையாவது. இவ்வூர்ப் பெரியவர்களுக்கு அவ்விலக்கை விளங்கிக்கொள்வது கடினமாவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

மாந்தமும் கரப்பானும்: நோயாளியாகும் தாய்

குழந்தை நோய்களைத் தொகுத்துக்கூறும் சித்த மருத்துவ நூன்மரபு 'பாலவாகடம்' எனப்படும். அதில் மாந்தமும் கரப்பானும் முதன்மையானவை. மந்தம் என்னும் செரிமானத் தளர்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் மாந்தம், வாந்தி, கழிச்சல், வயிற்றுப்பொருமல், காய்ச்சல் முதலிய குறிகளை உடையது. அதன் வகைகளுள் ஒன்று 'பால் மாந்தம்' என்றே பெயர்பெறுகிறது. கரப்பான் என்பது குழந்தையின் தோலில் தோன்றும் சொறி, நீர்வடிதல், தடிப்பு ஆகியவற்றைக் குறிக்கும். மார்புப்பாலோடு பசும்பாலோ பிற உணவோ தரப்படும் பருவத்தில் வயிற்றிலும் தோலிலும் ஒருசேரக் கோளாறு தோன்றுவது பாற்புரத ஒவ்வாமையின் இயல்பு. அதனைப் பண்டை மருத்துவர்கள் கண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் மாந்தம் என்றாலே பால் ஒவ்வாமை எனப் பெயர்த்துவிடுவது வரலாற்று முறையாகாது. தூய்மையற்ற நீராலும் பாத்திரத்தாலும் வந்த தொற்றுக் கழிச்சலும் அப்பெயருக்குள் அடங்கியிருந்தது. குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலத்தில் அதுவே பெரும்பங்காகவும் இருந்திருக்கும்.

இங்குக் கருதத்தக்கது நோய்க்காரணம் பற்றிய விளக்கம். தாய் உண்ட உணவு அவள் பாலைக் கெடுக்கிறது, கெட்ட பால் குழந்தைக்கு மாந்தத்தையும் கரப்பானையும் தருகிறது என்பது அம்மரபின் உறுதியான நிலைப்பாடு. ஆகவே மருந்தும் பத்தியமும் தாய்க்கே விதிக்கப்பட்டன. மேலை மருத்துவம் இக்கருத்தை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1978இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள், தாய்மார் பசும்பாலை நிறுத்தியபோது மார்புப்பால் மட்டுமே உண்ட குழந்தைகள் பலரின் ஓயாத வயிற்றுவலி நீங்கியதைப் பதிவுசெய்தனர். மனிதப் பாலில் இயற்கையாக இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின் என்னும் பசும்பாற்புரதம், தாய் உண்ட பாலிலிருந்து அவள் மார்புப்பாலுக்குச் செல்வது பின்னர் ஆய்வகத்தில் உறுதிப்பட்டது. தமிழ் வீட்டு மூதாட்டியர் தாயின் தட்டைப் பார்த்துக் குழந்தையின் தோலை விளக்க முயன்றது அடிப்படையற்றதன்று.

அடிப்படை சரியாயினும் அது செயற்பட்ட முறை எப்போதும் நன்மை பயக்கவில்லை. கரப்பான் பண்டங்கள் எனச் சித்த மரபு விலக்கியவற்றுள் சோளம், இறுங்கு, கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் ஆகியவை இடம்பெறுகின்றன. வழக்கில் கத்தரிக்காயும் கருவாடும் இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே விரியும் கரிசல் நிலத்தின் அன்றாட உணவு எது என்று நோக்கினால் இப்பட்டியலின் சமூகப் பொருள் விளங்கும். கம்பும் சோளமும் வரகுமே மானாவாரிக் குடும்பங்களின் தட்டில் இருந்தவை. நெல்லுச்சோறு நன்செய் உடையோருக்கும் விழா நாளுக்கும் உரியதாக இருந்தது. அவ்வாறெனில், கரப்பான் கண்ட குழந்தையின் தாய் தன் அன்றாட உணவு முழுவதையும் விலக்கி அரிசியை நாடவேண்டும். வசதியுள்ள வீட்டில் அது இயலும். கூலிக்குச் செல்லும் தாய்க்கு அப்பத்தியம் பட்டினியாகவே முடியும். இச்சிறுதானியங்கள் நவீன ஒவ்வாமையியலில் முதன்மை ஒவ்வாமை உணவுகளாக இடம்பெறுவதில்லை என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். மறுதலையாக, இன்று உலகெங்கும் முதலிடம் பெறும் பசும்பால் அப்பட்டியலில் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சுக்கும் கருவாட்டுக் குழம்பும் பால் சுரக்க ஒரு வீட்டில் தரப்படும். அவற்றுள் கருவாடே அடுத்த வீட்டில் கரப்பானுக்கு அஞ்சி நிறுத்தப்படும். இம்முரண் பத்தியம் என்பது ஒரே நூலிலிருந்து இறங்கிவந்த விதியன்று, மாமியார், தாய், மருத்துவச்சி, நாட்டு வைத்தியர் ஆகியோரிடையே பேசி முடிவு செய்யப்பட்ட ஒன்று என்பதைக் காட்டுகிறது. அப்பேச்சில் பத்தியம் காக்கவேண்டியவளின் குரலே மிகத் தாழ்ந்து ஒலித்தது. குழந்தை தேறாவிடில் பத்தியம் தப்பினாள் என்ற பழியும் அவளுக்கே உரியதாயிற்று.

பத்தியத்தின் எல்லை

இம்மரபின் மிகச் சிறந்த கூறு பத்தியத்திற்கு முடிவு உண்டு என்பதாகும். சித்த மருத்துவத்தில் மருந்துண்ணும் காலத்துப் பத்தியத்தை அடுத்து மறுபத்தியம் என ஒரு காலம் விதிக்கப்படும். அது முடிந்தபின் விலக்கிய உணவுகள் படிப்படியாகச் சேர்க்கப்படும். இன்றைய குழந்தை மருத்துவத்திலும் பால் ஒவ்வாமை ஐயுறப்பட்டால் தாயின் உணவிலிருந்தோ குழந்தையின் உணவிலிருந்தோ பால் இரண்டு முதல் நான்கு வாரங்கள் முற்றிலும் நீக்கப்படுகிறது. குறி நீங்கினால் மீண்டும் பால் தந்து குறி திரும்புகிறதா என்று பார்ப்பதே நோயை உறுதிசெய்யும் வழி. கடும் அதிர்ச்சிக்கு வாய்ப்புள்ள குழந்தையிடம் இச்சோதனை மருத்துவமனையில் மட்டுமே நிகழவேண்டும். பெரும்பான்மைக் குழந்தைகள் வளர வளரப் பாலை ஏற்கும் ஆற்றல் பெறுகின்றனர். ஆகவே குறித்த கால இடைவெளியில் மறுபரிசீலனை செய்வது இன்றியமையாதது.

நடைமுறையில் இம்முடிவுப் பகுதியே முதலில் மறக்கப்படுகிறது. ஒருமுறை சேராது எனப்பட்ட உணவு பல வீடுகளில் ஆயுள் முழுவதும் சேராததாகிவிடுகிறது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில், சோதனையால் உறுதிப்பட்ட பசும்பால் ஒவ்வாமை 0.54 விழுக்காடே இருந்தது. இந்தியாவில் ஆறு முதல் பதினொரு வயதுப் பள்ளிக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வு, எல்லா உணவுகளையும் சேர்த்தே ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ளோர் 0.14 விழுக்காடு என மதிப்பிட்டது. எண் சிறிது என்பதால் சிக்கல் சிறிதாகிவிடாது. ஆனால் பாலுக்கு அஞ்சிப் பாலை விலக்கும் குழந்தைகளின் தொகை மெய்யான ஒவ்வாமையுடையோரைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. தேவையற்ற விலக்கால் ஊட்டம் இழக்கும் குழந்தை, தேவையான விலக்கு கிடைக்காமல் துன்புறும் குழந்தை என இருவகையினரையும் ஒரே வீட்டு வழக்கம் உருவாக்குகிறது.

தம்ளர்ப் பாலின் காலம்

பால் அன்றாடக் குடிநீர்மமாகியது அண்மைக்கால நிகழ்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் வீட்டுக்குள் நுழைந்தபோது பசும்பாலும் உடன் நுழைந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இப்பண்பாட்டு மாற்றத்தை விரிவாகப் பேசுகிறது. ஆலைத் தொழில் மற்றொரு வழியைத் திறந்தது. வேலைக்குச் சென்ற தாயிடமிருந்து குழந்தை நெடுநேரம் பிரிந்திருக்கும் நகரங்களில் டப்பாப் பாலுக்குச் சந்தை உண்டாயிற்று. சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் டப்பாப் பால் விற்பனையைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தமை உலக மருத்துவ வரலாற்றில் நன்கறியப்பட்டது. இந்தியாவில் தாய்ப்பால் மாற்று விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1992இல்தான் வந்தது.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் உருவான தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் பாலை ஊர்தோறும் கொண்டுசேர்த்தன. கரிசல் குடும்பங்களுக்கு ஒரு கறவை மாடு நாள்தோறும் பணம் தரும் மூலமாயிற்று. இப்பொருளாதார நன்மையை மறுப்பதற்கில்லை. அதனுடன் பால் குடியாத குழந்தை வளராது என்னும் புதிய நம்பிக்கையும் பரவியது. முந்தைய தலைமுறை கேழ்வரகுக் கூழில் வளர்ந்ததை இந்நம்பிக்கை எளிதில் மறைத்துவிட்டது.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டுவைத்தல் என்னும் தென்மாவட்டச் சடங்கையும் இவ்விடத்துக் கருதலாம். மார்புப்பால் தருவதற்கு முன் சர்க்கரை நீரோ தேனோ பாலோ மூத்தவர் ஒருவர் கையால் குழந்தையின் நாவில் வைக்கப்படும். பிறந்து முதல் மூன்று நாட்களில் பசும்பால் மாவு தருவதைத் தவிர்த்தால் பிற்காலப் பால் ஒவ்வாமை குறைகிறது என ஜப்பானில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. சேனையில் பசும்பால் இருப்பின் அச்சடங்கும் இக்கேள்விக்கு உட்பட்டதே. சீம்பாலைப் பிழிந்து கொட்டிய பழைய வழக்கத்தின் தீமை தனியே பேசத்தக்கது.

மாற்றுப் பால்கள்

பசும்பால் சேராதபோது ஆட்டுப்பாலுக்கு மாறுவது இவ்வட்டாரக் குடும்பங்களில் முதலில் எடுக்கப்படும் முடிவு. ஆட்டுப்பால் குளிர்ச்சி, எளிதில் செரிப்பது என்னும் மருத்துவ நம்பிக்கை இதன் பின்னணி. ஆனால் பசும்பால் ஒவ்வாமையுடைய 26 குழந்தைகளுக்கு ஆட்டுப்பால் கொடுத்துச் சோதித்த இத்தாலிய ஆய்வில் 24 பேருக்கு ஒவ்வாமை தோன்றியது. இரண்டின் கேசின் புரதமும் மிக ஒத்திருப்பதே காரணம். எருமைப்பாலுக்கும் இது பொருந்தும். வியப்பாக, ஏளனத்திற்கு உள்ளாகும் கழுதைப்பால் வழக்கம் இதனினும் வலுவான அடிப்படை கொண்டது. தமிழகத்துத் தெருக்களில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து விற்போர் இன்றும் உள்ளனர். கழுதைப்பாலின் புரத அமைப்பு மனிதப் பாலுக்கு நெருக்கமானது. பால் ஒவ்வாமையுடைய குழந்தைகளுள் பெரும்பான்மையோர் அதை ஏற்பதாக இத்தாலிய மருத்துவர்கள் 1990களிலிருந்து எழுதிவருகின்றனர். அங்கே அது காய்ச்சித் தூய்மை செய்யப்பட்டு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. இங்கே தெருவில் கறந்த பச்சைப்பால் ஒரு சங்களவு ஊட்டப்படுகிறது. அவ்வேறுபாட்டை மறந்து மரபைப் போற்றுவதும் மரபை எள்ளுவதும் ஒருதன்மையான தவறுகள்.

தமிழில் 'பால்' என்னும் சொல் விலங்கோடு நின்றுவிடுவதில்லை. தேங்காய்ப்பால், எள்ளுப்பால், பருத்திப்பால் என வித்துகளைப் பிழிந்தெடுத்தனவும் பாலே. மதுரை, விருதுநகர்ப் பகுதிகளின் பருத்திப்பால், ஊறவைத்த பருத்திவிதையை அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சுக்கும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. பஞ்சு ஆலைக்கும் விதை மாட்டுக்கும் போன நிலத்தில் அவ்விதையின் ஒரு பங்கு மனிதருக்கும் பானமாயிற்று. பால்கோவா மணக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பயணத் தொலைவில் பசும்பால் கலவாத பால் ஒன்று தெருவில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. எனினும் அதையும் ஐயமின்றி ஏற்க இயலாது. பருத்திவிதைப் புரதம் கடும் ஒவ்வாமை தரவல்லது என்பதை அமெரிக்க வேளாண்துறை வேதியியலாளர்கள் 1930களின் இறுதியிலிருந்தே ஆராய்ந்துள்ளனர். கைக்குழந்தைக்கு இப்பால்களுள் எதுவும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது.

ஓரளவு வளர்ந்த குழந்தையின் சுண்ணாம்புச்சத்துத் தேவைக்குக் கேழ்வரகு கைகொடுக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடைப் பசும்பாலில் அது ஏறத்தாழ 120 மில்லிகிராம். கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சும் கூழ் இப்பகுதிக் குழந்தைகளின் முதல் திண்ணுணவாக இருந்துவந்தது. இன்று மருத்துவர் பரிந்துரைக்கும் புரதம் சிதைத்த பால்மாவு பல குடும்பங்களின் கைக்கெட்டா விலையில் இருக்கும்போது, பாட்டியின் இக்கைப்பக்குவம் மதிப்பிழந்த பழக்கம் எனத் தள்ளத்தக்கதன்று.

கடலை, எள், கத்தரி

விருதுநகரின் எண்ணெய் வாணிகம் நிலக்கடலையாலும் எள்ளாலும் வளர்ந்தது. மேலைநாடுகளில் நிலக்கடலை ஒவ்வாமை பள்ளிகளையும் விமானங்களையும் அச்சுறுத்தும் அளவு பெருகியிருக்க, இவ்வட்டாரத்தில் அது அரிதாகவே பேசப்படுகிறது. இங்குக் கடலை பெரிதும் அவித்தே உண்ணப்படுவதும், உயர்வெப்பத்தில் வறுப்பது அதன் ஒவ்வாமைத் தன்மையை மிகுவிப்பதும் ஒரு விளக்கமாகக் கூறப்படும். மற்றொன்று உண்ணத் தொடங்கும் வயது. இலண்டனில் 640 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முதலாண்டிலேயே கடலை உண்ட குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்ததைக் காட்டியது. அதுவரை மேலை மருத்துவர்களே குழந்தைக்குக் கடலையைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தி வந்தனர். பத்தியம் விதிப்பதில் மிகைப்பட்டோர் நம் பாட்டியர் மட்டுமல்லர் என்பதற்கு இது போதிய சான்று.

கத்தரிக்காய் பற்றிய வீட்டு அச்சமும் ஆய்வகத்தில் ஓரளவு ஆதரவு பெற்றுள்ளது. மைசூரில் 741 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, கத்தரிக்காய் உண்டபின் ஒவ்வாமைக் குறிகள் தோன்றுவதாக ஏறத்தாழ பத்தில் ஒருவர் கூறியதையும், அவர்களுள் பெண்கள் மிகுதி என்பதையும் பதிவுசெய்தது. கர்நாடகத்தின் வயது வந்தோரிடையே நடந்த மற்றோர் ஆய்வில் உணவு ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ளோர் 1.2 விழுக்காடு. அதில் பசும்பாலுக்கு 0.5 விழுக்காட்டுப் பங்கு உண்டு.

விலைக்கு வாங்கும் உணவு பெருகியபின் குடும்பத்தின் காவல் அடுக்களையோடு நிற்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு உறைக்குறிப்பு விதிகள் பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, பசைப்புரதத் தானியங்கள் முதலியவற்றை அறிவிக்கச் சொல்கின்றன. எள் அப்பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் எள்ளைச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 2023 முதல் அது கட்டாயம். நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் இட்லிப்பொடியும் அன்றாட உணவான நாட்டில் இவ்விடுபாடு ஆய்வுக்குரியது.

பால்கோவாவைப் பொறுத்தவரை குறிப்பு ஏதும் தேவையில்லை. அது பாலும் சர்க்கரையுமே. ஆனால் நெடுநேரம் காய்ச்சிச் சுண்டியதால் கெடுதி போய்விட்டது என்னும் எண்ணம் ஆபத்தானது. காய்ச்சும்போது மோர்ப்புரதங்களே பெரிதும் சிதைகின்றன. கேசின் வெப்பத்தைத் தாங்கும். சுண்டிய பாலில் அது செறிவடைந்து நிற்கிறது. கோதுமை மாவோடு கலந்து சுட்ட பாலை ஒவ்வாமையுடைய குழந்தைகள் பலர் ஏற்பதாக 2008 முதல் வந்த ஆய்வுகளைப் பால்கோவாவுக்குப் பொருத்துவதற்கு இடமில்லை. திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும் அன்போடு நீட்டப்படும் ஒரு விள்ளலை மறுப்பதற்குத் தாயிடம் இருக்கவேண்டிய துணிவு, பிற ஊர்களைவிட இங்கே கூடுதலாகவே தேவைப்படும்.

மறுக்கத் தவறியபோது கடும் அதிர்ச்சிக்கு உடனடி மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. மேலைநாட்டுக் குடும்பங்கள் கையோடு வைத்திருக்கும் தானியங்கி ஊசி இந்தியக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மலிவான அட்ரினலின் குப்பி மருத்துவமனையில்தான் உள்ளது. நெடுங்காலம் இவ்வூர் மக்கள் உயர்சிகிச்சைக்கு ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையையே நம்பியிருந்தனர். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாகக் கற்பிக்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் தெற்கே செயல்பட்டு வருகிறது. மாந்தமும் கரப்பானும் கண்ட குழந்தைகளின் நோய்க்குறிப்புகளை இவ்விரு நிறுவனங்களும் ஒருங்கே வைத்து நோக்குமாயின், பழஞ்சொற்களுக்குள் எத்தனை ஒவ்வாமை மறைந்திருக்கிறது என்பது அளவிடக்கூடியதாகும்.

பள்ளியில் இச்சிக்கலுக்கு எதிர்பாராத ஒரு முன்மாதிரி உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்து, 1989 முதல் முட்டையையும் தட்டில் வைத்தது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. குல வழக்கத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதே வரிசையில் நிற்கும், முட்டை உடலுக்கு ஒவ்வாத குழந்தையும் அந்த வாழைப்பழத்தையே பெற்றுக்கொண்டு, காரணம் கேட்கப்படாமலே வகுப்புக்குத் திரும்புகிறது.